பிடிமானம்

இறந்துபோன மகன் பாதி வேலையில் விட்டுப்போன பீட்டில் காரின் கியர்பாக்ஸை சவரிமுத்து பட்டறை மேசைமேல் ஏற்றினார். அடிப்பாகம் உருண்டையாக இருந்ததால் அது ஒருபக்கமாகச் சாய்ந்தது. பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போவதற்காக விடைபெற வந்த மருமகள் ரெஜினா, பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து இரண்டு கைகளாலும் தாங்கினாள்.

"அப்படியே புடிச்சுக்கம்மா. போல்ட்டு போட்டுர்றேன்."

இரும்புப் பட்டையைக் குறுக்கே வைத்து அவர் முடுக்கினார்.

"அவருக்கும் நான்தான் மாமா புடிப்பேன்."

வாசலில் ஆட்டோவிலிருந்து அவளுடைய அண்ணன் கூப்பிட்டான்.

"விட்றட்டுமா மாமா?" என்றாள் ரெஜினா.

கியர்பாக்ஸ் இனி அசையாது. சவரிமுத்து நிமிராமலே, இறுகிவிட்ட போல்ட்டில் மறுபடியும் ஸ்பேனரை மாட்டினார்.

"இன்னும் இறுகல தாயி."

அவள் கையை எடுக்கவில்லை.