பௌர்ணமித் தண்ணீர்

"சார், வர்ற பௌர்ணமிக்குக் கடல் எவ்வளவு ஏறும்?"

துறைமுக அலுவலகத்தில் கடலின் ஏற்ற இறக்கம் குறிக்கும் குமாஸ்தாவுக்கு அந்த அம்மாளின் குரல் அத்துப்படி. மாதம் தவறாமல் போன் வந்துவிடும். கரையோர வீட்டில் ஒண்டிக்கட்டை, பயம் இருக்காதா பின்னே?

"இந்தத் தடவை நிலா அவ்வளவு கிட்ட வராதும்மா. தண்ணி தெருமுனையோட நின்னுடும். நிம்மதியா இருங்க."



"அப்போ எப்பதான் சார் வாசப்படி ஏறும்?"

"ஏறினா வீடு நாசமாயிடுமேம்மா!"

"போன வருஷம் ஏறினப்பதான் சார், என் பையன் ஓடி வந்து என்னைக் கூட்டிட்டுப் போய் நாலு நாள் அவன் வீட்டுல வச்சிருந்தான்."

குமாஸ்தா அவசரமாக அட்டவணையைப் புரட்டினார்.

"அடுத்த மாசம் நிலா ரொம்பக் கிட்ட வருதும்மா. ஏறிடும்."

"அப்போ துணிமணியை எடுத்து வச்சிடறேன் சார்!"