திரை கறுக்கும் இரண்டு நிமிடம்

பெங்களூரு பீன்யாவில் ஒரு இரும்புப் பட்டறையில், ஆயுதபூஜைச் சந்தனப் பொட்டு இன்னும் உதிராத கணினிமுன் லேத்காரர் ஏகாம்பரம் உட்கார்ந்திருக்கிறார். மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்த தாரணி எழுதிய செய்முறைத் தாளைப் பார்த்து, லேத்துக்கான புது மென்பொருளை அவரே நிறுவ வேண்டும். தாள் அவருக்குப் புரிகிறதா என்று அவள் பின்னால் நின்று பார்க்கிறாள். நாலாவது படியில் திரை கறுக்கிறது. அவர் கை பாய்ந்து மெயின் சுவிட்சை அணைக்கிறது. நிறுவல் பாதியில் அறுந்து, செய்ததெல்லாம் வீணாகிறது. "மெஷின் நின்னா மொதல்ல கரண்ட்ட கட் பண்ணணும்மா, இருபது வருஷப் பழக்கம்," என்கிறார், கழுத்தெல்லாம் வியர்த்து. "நான் கெடுத்துட்டேன்னு மொதலாளிகிட்ட சொல்லிடாதீங்க." "கெடுத்தது என் தாளுதாங்க," என்றபடி தாரணி நாலாம் படிக்கு மேல் பேனாவால் எழுதுகிறாள்: 'திரை இரண்டு நிமிடம் கறுத்திருக்கும். நீங்கள் எதையும் கெடுக்கவில்லை.' அவர் முதலிலிருந்து தொடங்குகிறார். நாலாம் படியில் மறுபடி திரை கறுக்கிறது. ஏகாம்பரம் அந்த வரிமேல் கிரீஸ் படிந்த விரலை ஊன்றி, மறு கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, அசையாமல் இருக்கிறார்.