தண்டபாணி வராத திரை

திரையின் வலது மூலையில் தண்டபாணியின் முகம் வரவில்லை.

காலையிலிருந்து ஒரு 'டிங்' கூட இல்லை.

அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். நன்றாக இருந்தது. எவ்வளவு நாளாயிற்று இப்படி உட்கார்ந்து.

கண்ணாடி அறைக்குள் அவர் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. டீம் லீட் என்பதால் தனி அறை. எழுந்து வந்து கேட்கிற ஆள் இல்லை. அங்கிருந்தபடியே அனுப்புவார், அதே கேள்வியைத்தான்.

'பாத்தாச்சா?'

பதில் தானாகப் போனது. 'பாத்துட்டிருக்கேன் சார்.'

தட்டு ராசா, தட்டு.

இரண்டு வாரக் கடைசிகளைக் கொட்டி அவள் செய்த கருவி. பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும். வேலை நேரத்தில் கிரிக்கெட் ஸ்கோர், வீடியோ, புடவைக் கடை எல்லாவற்றையும் மூடிவைக்கும்.

அதெல்லாம் ஊருக்கு.

அடியில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தாள். அதில் யார் பெயரைப் போட்டாலும், ஆபீஸ் சாட்டில் அந்த ஆள் அனுப்புவது மாலை ஆறு மணி வரை கண்ணில் படாது. கேட்டவருக்கு அதுவே பதிலும் சொல்லிவிடும்.

அந்தப் பெட்டிக்காகத்தான் மற்றதெல்லாம்.

அப்பாவுக்கு ஆபரேஷன் அன்று லீவு போட்டிருந்தாள். கொடுத்தவர் தண்டபாணிதான். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாரா? கட்டிலுக்குப் பக்கத்தில், மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். பாத்தாச்சா. பாத்தாச்சா. பாத்தாச்சா.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஒரு நிமிஷம்பா" என்றாள், தலையைத் தூக்காமல்.

அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

அப்பா உயிரோடு திரும்பவில்லை. என்ன சொல்ல வந்தாரென்று இனி யாரிடம் போய்க் கேட்பது.

ஆபீஸ் குரூப்பில் இரங்கல் போட்டார்கள். தண்டபாணியும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டார். வருடக் கடைசி மதிப்பீட்டில் அவள் பெயருக்கு நேரே எழுதினார்: வேலையில் கவனம் போதாது.

கவனம்.

இந்த ஆள் நாசமாய்ப் போகட்டும் என்று மனதாரச் சபித்தாள். சபித்தால் யார் நாசமாய்ப் போகிறார்கள்? அதனால்தான் உட்கார்ந்து புரோகிராம் எழுதினாள்.

பக்கத்து இருக்கை ஜெசிந்தாதான் முதலில் கண்டுபிடித்தாள்.

"உனக்கு மட்டும் எப்படிடி சத்தமே வரல?"

சொன்னாள். ஜெசிந்தா தனக்கும் போட்டுக்கொண்டாள். பிறகு டீம் முழுக்கப் போட்டுக்கொண்டது. எல்லோருடைய பெட்டியிலும் ஒரே பெயர்.

தண்டபாணி அனுப்பிக்கொண்டே இருந்தார். பாத்துட்டிருக்கேன் சார், பாத்துட்டிருக்கேன் சார் என்று பதில்கள் வந்துகொண்டே இருந்தன. மனுஷன் பூரித்துப்போனார்.

வேலை, சொன்ன தேதிக்கு முன்னாலேயே முடிந்தது. தொல்லை கொடுக்க ஆளில்லாவிட்டால் முடியாதா பின்னே.

பெங்களூரிலிருந்து வசுந்தரா மேடம் வந்தார். தண்டபாணிக்கு மேலதிகாரி. போனில் பேசமாட்டார், எல்லாம் சாட்டில்தான். எதையும் ஒரு தடவைதான் கேட்பார். சரியான பதில் வரவில்லையென்றால் அந்த ஆளை அத்தோடு விட்டுவிடுவார்.

எல்லோருக்கும் முன்னால் தண்டபாணிக்குக் கைகொடுத்தார். டீமை இப்படித்தான் நடத்தவேண்டும் என்றார். அடுத்த வாரம் புது கிளையண்ட் விஷயமாகத் தினமும் தொடர்பில் இருக்கவேண்டும், அது நல்லபடியாக முடிந்தால் கோவை ஆபீஸே உங்கள் பொறுப்பு என்றார்.

அவளும் கைதட்டினாள்.

தட்டத் தட்டக் கண்ணில் நீர் முட்டியது. அந்த ஆளைப் பேசவிடாமல் செய்யப்போய், அவள் கையாலேயே தூக்கி மேலே உட்காரவைத்திருக்கிறாள்.

மறுநாள் கண்ணாடிக் கதவு திறந்து தண்டபாணி எட்டிப் பார்த்தார். கருவி கிரிக்கெட்டை மூடும் என்பது மட்டும் அவர் காதுக்குப் போயிருந்தது.

"அந்த டூலை எனக்கும் போட்டுக் குடுங்கம்மா. கிரிக்கெட் பாத்தே பாதி நாள் போயிருது."

தன் நாற்காலியிலேயே அவளை உட்காரவைத்தார். காபியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே அவினாசி ரோடு இரைந்துகொண்டிருந்தது.

கருவியை ஏற்றினாள். கிரிக்கெட்டை மூடினாள்.

கீழே அந்தப் பெட்டி, காலியாக.

யார் பெயரைப் போடவேண்டும் என்று நடந்து வரும்போதே தெரியும். ஆனால் கை வரவில்லை. மேஜை மேல் அவருடைய இரண்டு பெண்களும் பள்ளிச் சீருடையில், போட்டோவில். அவள் என்ன அவரைப்போலவா. போகட்டும், காலியாகவே விட்டுவிடலாம். தன் திரையில் அவர் முகம் வராமலிருந்தால் போதும்.

மூடிவிட்டு எழப்போனாள்.

"கேக்கணும்னே இருந்தேன்" என்றார், ரோட்டைப் பார்த்தபடி. "அப்பாவுக்கு ஆபரேஷன்னு லீவு போட்டீங்கல்ல. இப்ப எப்படி இருக்காரு? நல்லா நடக்குறாரா?"

அவள் திரும்பி அவர் முதுகைப் பார்த்தாள். சட்டையில் மடிப்புக் கலையவில்லை.

"நல்லா இருக்காரு சார்."

"சந்தோஷம்மா."

பெட்டியை மறுபடி திறந்து, வசுந்தரா மேடத்தின் பெயரை நிதானமாக அடித்தாள். எழுத்து எதுவும் விட்டுப்போகவில்லையே என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.