வெறுங்கரைசலில் ஒரு மலை

திரையில் மலை எழும்பிவிட்டது.

எழும்பக் கூடாது.

குவளையில் இருப்பது மருந்து கலக்காத வெறும் உப்புக் கரைசல். அதில் அவள் செய்த உணர்கருவி, சென்சார், நிற்கிறது. பெரிய சங்கதி ஒன்றுமில்லை, ஒரு பென்சிலின் கரிக்குச்சிதான். மின்சாரம் கொடுத்தால், கரைசலில் பாராசிட்டமால் இருக்கிறபோது திரையில் கோடு மலையாக எழும்பும். இல்லாதபோது படுத்துக் கிடக்கும்.

இருக்கவே இல்லையே!

பின்னால் ஆவுடையப்பன் சார். அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. பென்சிலை வைத்து மாத்திரையில் மருந்தை அளப்பதாவது, பிள்ளை விளையாட்டு என்று ஆரம்பத்திலிருந்தே முகம் சுளிப்பவர். இன்றைக்கும் சரிவராவிட்டால் தலைப்பை மாற்றிவிடு என்று சொல்லித்தான் வந்து நிற்கிறார்.

மறுபடி ஓட்டினாள்.

அதே மலை. சனியன்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சார் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். சிவந்த கண்கள். இந்த வெயிலிலும் கழுத்தைச் சுற்றி இறுக்கிய துப்பட்டா.

"ஏம்மா, காய்ச்சலா உனக்கு?"

"லேசா, சார்."

"மாத்திரை போட்டியோ?"

போட்டிருந்தாள். பாதியாகப் பிட்டு. தூள் ஒட்டிய அந்தக் கையோடுதான் குச்சியையும் எடுத்துச் செருகியிருந்தாள்.

அட கிறுக்கி!

ஓடிப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள். வேறு குச்சி, வேறு குவளை, வேறு கரைசல்.

கோடு சமர்த்தாகப் படுத்துக்கொண்டது.

மாத்திரை கரைத்த நீரை அதில் ஒரு சொட்டு விட்டாள். எழும்பியது பார், ஒரு மலை!

சார் சிரித்தேவிட்டார்.

"நீ மறைச்சாலும் உன் பென்சிலு காட்டிக் குடுத்துட்டு, பாத்தியா? போ, வீட்டுல போய்ப் படு."

தலைப்பு என்ன ஆயிற்று? குவளைகளை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

வாசல்வரை போனவர் நின்றார்.

"இந்தப் பென்சில எந்தக் கடைல வாங்குன? ஒரு பெட்டி வாங்கிப் போட்டுருவோம்."

காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. அங்கேயே நின்று குதிக்கலாம்போல இருந்தது. கூடவே திக்கென்றும் இருந்தது. அக்கா மகளின் பள்ளிக்கூடப் பையிலிருந்து சுட்டதை எந்தக் கடை என்று சொல்வாள்?

"கேட்டுச் சொல்லுதேன், சார்" என்றாள்.