வந்து சேர்ந்த நேரம்

வண்டி நின்றதும் அவள் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் பச்சை எழுத்து வந்தது. சம்பவ இடம் அடைந்த நேரம், பதினொன்று ஆறு.

அழைப்பு வந்தது பத்து நாற்பதுக்கு. இருபத்தாறு நிமிடம்.

முன்னால் சாலை இல்லை. போன வருடம் வெட்டிய மண்சாலையை இரண்டு மழை அரித்துக்கொண்டு போயிருந்தது. ஊர் இன்னும் நான்கு கிலோமீட்டர் மேலே.

ஓட்டுநர் தேசிங்கு ஆக்சிஜன் உருளையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அவள் மருந்துப் பையை எடுத்துக்கொண்டாள். வண்டி நின்றால் அழுத்த வேண்டும், பிறகுதான் இறங்க வேண்டும். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூன்று வருடமாக ஆம்புலன்ஸில் அப்படித்தான் செய்துவந்தாள்.

வீட்டிலேயே பிரசவம். குழந்தை நன்றாக இருக்கிறது. தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. அழைத்தது கணவன், வெள்ளையன். கட்டுப்பாட்டு அறை சொன்னது அவ்வளவுதான்.

ஏறும்போது இரண்டு முறை அவனுக்குப் போன் போட்டாள். ஓடைப் பள்ளத்தில் சிக்னல் இல்லை.

முக்கால் மணி நேரம் ஏறியும் எதிரே யாரும் வரவில்லை. ஏன் இன்னும் தூக்கிக்கொண்டு கிளம்பவில்லை என்று தேசிங்குவிடம் கேட்டாள். அவருக்கும் புரியவில்லை.

பன்னிரண்டைத் தாண்டிய பிறகு டோலி வந்தது. மூங்கில் கழியில் கட்டிய கம்பளி. நான்கு ஆண்கள். பின்னால் வந்தவனின் வேட்டி முழங்கால்வரை இரத்தத்தில் நனைந்திருந்தது.

பாறைமேல் இறக்கச் சொன்னாள். ஊசி போட்டாள். குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. அடுத்த கையில் தேடினாள். அதிலும் இல்லை.

கம்பளியில் கிடந்த அலமேலு அவளை ஒருமுறை பார்த்தாள்.

பிறகு பார்க்கவில்லை.

தேசிங்கு அரை மணி நேரம் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். அவள்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

வெள்ளையன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் நீட்டினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. எழுத்துத் தெரியாதவன் படித்துச் சொல்லக் கேட்பதுபோல நீட்டினான்.

"டோலி கட்டித் தூக்கப் போனப்ப, வந்துட்டதா மெசேஜ் வந்துச்சு நர்சம்மா. மண்ரோட்டுல ஏத்திக் கொண்டாந்துட்டாங்க போலன்னு வாசல்லயே நின்னோம்."

ஆம்புலன்ஸ் தங்கள் இடத்தை வந்தடைந்தது. பதினொன்று ஆறு.

பொத்தானை அழுத்தினால் அழைத்தவருக்குச் செய்தி போகும் என்று அவளுக்குத் தெரியும். அதை நம்பி ஒருவன் அரை மணி நேரம் வாசலில் நிற்பான் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

மறுமாதம் மாவட்ட அலுவலகத்தில் கூட்டம். பகுதிவாரியாக நேரத்தைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். நகரத்துக்கு எட்டு நிமிடம். சமவெளிக்குப் பதினைந்து. மலைக்கு இருபத்தேழு. மலைக்குப் போன வருடம் நாற்பது இருந்ததாம். அதிகாரி அவளையும் தேசிங்குவையும் எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த இருபத்தேழுக்குள் அலமேலுவும் இருந்தாள்.

கைதட்டல் ஓய்ந்ததும் அவள் உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னாள். மலைக்கு மட்டுமாவது, வீட்டு வாசலை மிதித்த பிறகு அந்தச் செய்தி போகட்டும் என்று கேட்டாள். அதிகாரி நல்ல மனிதர். குறித்துக்கொண்டார். மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். ஆனால் வண்டி நிற்பதுதான் வந்து சேர்வது, எல்லா மாவட்டத்திலும் அப்படித்தான் என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து அவள் சாலை முடிவில் அழுத்துவதில்லை. சிக்னல் இருக்கும்போதே அழைத்தவரிடம் பேசி, உடனே தூக்கிக்கொண்டு இறங்கச் சொல்வாள். ஆளை நேரில் பார்த்த பிறகுதான் விரல் பொத்தானுக்குப் போகும். நேரம் கூடியதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதில் எழுதினாள். இன்னொன்று வந்தது. அதற்கும் எழுதினாள்.

பேருந்தில் யாருடைய போனிலாவது செய்தி வந்த சத்தம் கேட்டால் போதும். ஒரு வாசல் தெரியும். அங்கே நிற்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது மாதம், விடுமுறை நாள் ஒன்றில், தனியாக மலை ஏறினாள்.

வெள்ளையன் வீட்டு முன்னால் குழந்தையோடு உட்கார்ந்திருந்தான். அவளை அடையாளம் தெரிந்தது. உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். பெண் குழந்தை, அக்காதான் பார்த்துக்கொள்கிறாள், அவள் களை எடுக்கப் போயிருக்கிறாள் என்றான்.

அவள் தண்ணீரைக் குடிக்கவில்லை.

"அந்த மெசேஜ் என்னாலதாண்ணா வந்துச்சு. கீழ வண்டி நின்னப்பவே நான் அழுத்திட்டேன்."

அவன் குழந்தையின் வாயோரத்தைத் துண்டால் துடைத்தான். மெதுவாகத் துடைத்தான்.

"நிக்காம கெளம்பியிருந்தா பொழைச்சிருப்பாளா?"

தெரியாது என்று சொல்லலாம். அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. தேசிங்குவும் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்.

ஆனால் அவள் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டாள். வழியில் கால் மணி நேரம் முன்னதாகச் சந்தித்திருப்பார்கள். அப்போது நரம்பு கிடைத்திருக்கும்.

"பொழைச்சிருப்பாங்கண்ணா."

வெள்ளையன் எழுந்தான். குழந்தையை அவள் மடியில் வைத்தான். வீட்டுக்குப் பின்னால் இருந்த சாமைக்காட்டுக்குள் இறங்கிப் போனான்.

குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனது.

வெயில் இறங்கியது. காட்டில் ஆள் அரவம் இல்லை. கீழே கடைசிப் பேருந்து நாலரைக்குக் கிளம்பிவிடும்.

அவள் குழந்தையின் தலையை முழங்கை மடிப்புக்குள் நகர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.