முகப்பூட்டு

"அவர் வந்துட்டார்டா. வாசக்கதவுகிட்டதான் நிக்கிறார். சீக்கிரம் ஓடி வா!"

ஸ்டான்கா சித்தி தன் போனிலிருந்து கிசுகிசுத்ததைக் கேட்டு, ஓக்னியானின் கையிலிருந்த பாலாடைக்கட்டி பனிட்சாத் துண்டு தட்டில் விழுந்தது. சித்தி 'அவர்' என்றால் ஸ்பாஸ் சித்தப்பாதான். அந்தச் சித்தப்பாவைப் போன வாரம்தான் விராட்சா ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புதைத்து, வழக்கப்படி மண்ணில் ஒயின் ஊற்றிவிட்டு வந்திருந்தார்கள்.

பேய் பிசாசையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை ஓக்னியான். மலிவு விலைப் போன்களை உரித்துப் பார்த்து, இதை வாங்கலாம், அதைக் குப்பையில் போடலாம் என்று வீடியோவில் விமர்சனம் செய்து பிழைக்கிறவன். ஆனாலும் செருப்பைக்கூட மாட்டாமல் சித்தி குடியிருந்த பக்கத்துக் கட்டிடத்துக்கு ஓடினான்.

சித்தி கட்டிட வாசலுக்கு வெளியே, உள்ளே போகப் பயந்து நின்றிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது சித்தப்பாவின் போன்.

எல்லா வம்பும் அந்தப் போனால்தான். பேர் வாயில் நுழையாத ஒரு சீனக் கம்பெனி, விமர்சனத்துக்காக அனுப்பி வைத்தது. வயசானவர்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க, வசந்த காலத்தில் ஓக்னியான்தான் அதைச் சித்தப்பாவிடம் கொடுத்திருந்தான்.

"போனோட நிறை குறை எல்லாத்தையும் என் குரல்லயே பேசி உள்ள வச்சிருக்கேன்டா. ஒரே ஒரு மூஞ்சியைத்தான் ஏத்துக்குது. என்னைத் தவிர எவனும் திறக்க முடியாது" என்று சித்தப்பா பீற்றிக்கொண்டார். திருப்பிக் கொடுப்பதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். ரகசிய எண்ணையும் கூடவே கொண்டுபோய்விட்டார்.

பலவந்தமாகத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று கடைக்காரன் கையை விரித்துவிட்டான். ஒரே ஒரு தடவை அவர் குரலைக் கேட்டுவிட வேண்டும், சித்திக்கு வேறு ஆசையே இல்லை. அன்றிலிருந்து போன் கழுத்தை விட்டு இறங்கவில்லை.

"கதவுப் பக்கம் போனேன்டா. போன் டொக்குனு திறந்துடுச்சு! பயத்துல கையால பொத்திட்டேன், அணைஞ்சுபோச்சு."

"பிரமை சித்தி."

"பிரமையா? நேத்தும் இதே கதைதான். வீட்டுக்குள்ள திறக்கல, கடைத்தெருவுல திறக்கல. இங்க வந்தா மட்டும் திறக்குது. நாப்பது நாள் வரைக்கும் ஆவி வாசலைத்தானே சுத்தும்? நீயே சொல்லு."

ஓக்னியான் கதவைப் பார்த்தான். வழக்கம்போல கண்ணாடி முழுக்கக் காகிதம். தண்ணீர் வராது என்றொரு அறிவிப்பு. அதன் கீழே சித்தப்பாவின் படம் போட்ட மரண நோட்டீஸ். பக்கத்தில், அதற்கு முன்பே இறந்துபோன மூன்றாம் மாடித் தையல்காரி நெவெனாவின் நாற்பதாம் நாள் நோட்டீஸ். நெவெனாவுக்கு நாதி இல்லையே என்று சித்தப்பாதான் அதை ஊரெல்லாம் அலைந்து ஒட்டியிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தான். ஈ காக்கை இல்லை.

"எங்கே, இப்ப நடந்து காட்டுங்க."

சித்தி சிலுவை போட்டுக்கொண்டு கதவை நோக்கி அடி எடுத்து வைத்தாள். போன் மார்பில் ஆடியது.

டொக்.

திரை பளிச்சென்று திறந்தது. எதிரே ஆளே இல்லாமல் போன் யாரைப் பார்த்துத் திறந்தது?

"என்னங்க... உள்ள வாங்க. ஏன் வாசல்லயே நிக்கிறீங்க?" என்று வெறும் காற்றைப் பார்த்துக் கெஞ்சினாள் சித்தி.

ஓக்னியான் பாய்ந்து போனைப் பிடித்தான். பிடித்த வேகத்தில் பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கித் தொலைத்தான். திரை இருண்டது.

"படுபாவி! அணைச்சிட்டியே!"

"இருங்க சித்தி, இருங்க..." ஓக்னியான் கதவையும் போனையும் மாறி மாறிப் பார்த்தான். சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. "அட ஆண்டவா! பேயுமில்ல பிசாசுமில்ல. சித்தப்பா போட்டோ! மூஞ்சிக்கும் காகிதத்துக்கும் வித்தியாசம் தெரியாத டப்பா போன் சித்தி இது. கழுத்துல தொங்குறப்ப நோட்டீஸைப் பார்த்துட்டு, அவர்தான் வந்துட்டார்னு திறந்துடுது."

சித்தி அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். வந்தது அவர் இல்லை என்ற ஏமாற்றம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப... அவர் குரலைக் கேக்கலாமா?"

"இப்பவே கேக்கலாம்."

கயிற்றைக் கழற்றி, போனைச் சித்தப்பாவின் படத்துக்கு நேராகப் பிடித்தான் ஓக்னியான்.

'முகம் பொருந்தவில்லை' என்றது போன்.

கிட்டே கொண்டுபோனான். பொருந்தவில்லை. தள்ளிப் பிடித்தான். பொருந்தவில்லை. அப்படியானால் இவ்வளவு நேரம் திறந்தது யாருக்கு? நிஜமாகவே யாராவது நிற்கிறார்களா? சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்ததில் கை ஒரு பக்கமாக நழுவியது.

டொக்.

திறந்துகொண்டது. போனுக்கு எதிரே இருந்தது சித்தப்பா முகம் இல்லை. பக்கத்து நோட்டீஸில் உதட்டுச் சாயம் பூசிச் சிரித்துக்கொண்டிருந்தாள் நெவெனா.

சித்தி அந்தப் படத்தைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள். ஓக்னியானுக்கு இப்போது பேயைவிடச் சித்தியின் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

"சித்தி... சித்தப்பா பேசினதைப் போடட்டுமா?"

"வேண்டாம். முதல்ல அந்த நோட்டீஸைக் கிழி."

"எதை சித்தி?"

"ரெண்டையும்."