மூன்றாவது துளை

அன்று காலையும் மனைவி சிவகாமிதான் ஆவுடையப்பனின் இடது கையில் வாட்ச்சைக் கட்டிவிட்டாள். எலும்பு முறிந்த வலது மணிக்கட்டில் வைத்த தகடு உள்ளுக்குள் உரசி உரசி, கட்டைவிரலை மடக்கும் தசைநாணை அறுத்துவிட்டிருந்தது. நுனி மடங்காத விரலால் வாரின் பக்கிளைப் பிடிக்க முடியாது.

"முருங்கக்காய்க்கு வாட்ச் கட்டுத மாதிரி இருக்கு" என்று சிரித்தபடி வாரை இழுத்து மூன்றாவது துளையில் மாட்டினாள். மதியம் மாரடைப்பில் போய்விட்டாள்.

நான்கு மாதம் அவர் அதைக் கழற்றவேயில்லை. குளிக்கும்போது பாலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டார்.

விரலைச் சரிசெய்யும் ஆபரேஷனுக்கு முன் நர்ஸ் வாட்ச்சைக் கழற்ற வந்தாள்.

"பக்கிளத் தொடாத தாயி."

"ஏன் தாத்தா, தங்கமா ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"அவ மாட்டுனது."

 நர்ஸ் ஊசிமுனையால், வாரை வாட்ச்சோடு பிணைக்கும் சிறு கம்பியைத் தள்ளினாள். வார் அங்கே கழன்று வந்தது.

தகட்டை எடுத்து, வேறு தசைநாணை இணைத்தார்கள். இப்போது விரல் மடங்குகிறது. சட்டைப் பொத்தானை அவரே போடுகிறார். வாட்ச்சையும் கட்டிக்கொள்ளலாம். அது மேசையில் ஒரு பக்கம் கழன்று கிடக்கிறது. பக்கிள் மூன்றாவது துளையில் இருக்கிறது.